முன்விளக்கும் எதிரே வருபவர் கண்ணும்



இருளில் வழிச்செல்வோனுக்கு விளக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை நான் எடுத்துக்கூற வேண்டுவதில்லை. ஆயின், ஒருவன் தன் வழியைக் காண்பதற்கு ஏற்றிய விளக்கே மற்றொருவனுக்கு இருளாய் முடிவதும் உண்டு. முரணாகத் தோன்றும் இவ்வுண்மையை நம் நாட்டு வீதிகளில் இரவுதோறும் காணலாம். மோட்டார் வண்டியுடன் வந்த மின்குமிழ்களைக் கழற்றிவிட்டு, கடைகளில் விற்கும் ஒளி மிகுந்த வெண்ணிறக் குமிழ்களைப் பூட்டும் வழக்கம் இன்று எங்கும் பரவியிருக்கின்றது. அவ்வழக்கத்தின் நன்மை தீமைகளையும், முன்விளக்கின் ஒளியை எவருக்கும் ஊறு செய்யாது பெருக்கிக்கொள்ளும் வழிகளையும் பற்றி இன்று உங்களுடன் சிறிது பேசலாமென எண்ணுகின்றேன்.

நான் பொறியியல் கற்றவனல்லன்; கலைப் பட்டதாரி; பாடசாலையொன்றின் அதிபர். இவ்விடயத்தில் எனக்கு அக்கறை பிறந்தது ஓர் இரவில் நிகழ்ந்த நிகழ்ச்சியினாலேயே. யப்பானில் செய்யப்பட்ட பழைய கார் ஒன்று என்னிடம் உண்டு. வயது ஐம்பதைக் கடந்த பின்னர் இரவில் வீதி முன்போல் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. கடைக்காரர் ஒருவரிடம் என் குறையைச் சொன்னேன். அவர் ‘செனன்’ குமிழ்கள் இரண்டைப் பூட்டித் தந்தார். முதல் நாளிரவு வண்டியின் முன்னால் பகல் வந்துவிட்டது போலிருந்தது. கொடுத்த பணம் வீண்போகவில்லையென மகிழ்ந்தேன்.

சில நாட்கள் சென்றபின், ஓரிரவு காரைநகரிலிருந்து பொன்னாலைத் தாம்போதி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். இருமருங்கும் கடல், நடுவே வீதி. எதிரே ஒரு சைக்கிள் வந்தது. அண்மித்ததும் அது நெளிந்து நெளிந்து, வீதியோரத்தை நோக்கிச் சென்று, அங்கிருந்த கல்லில் மோதிச் சாய்ந்தது. நான் வண்டியை நிறுத்தி ஓடினேன். முழங்கையில் சிராய்ப்புடன் எழுந்து நின்றவர் பல்லாண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவர். என்னை அடையாளங் கண்டதும், “சேர், உங்கட லைற்றிலை எனக்கு றோட்டே தெரியேல்லை” என்றார். குற்றஞ்சாட்டும் குரலில் அன்று. தாமே ஏதோ பிழை செய்துவிட்டவர் போல அதனைச் சொன்னார். இன்னும் இரண்டடி தள்ளிச் சாய்ந்திருப்பின் அவர் கடலில் விழுந்திருப்பார்.

அவரை வீட்டிற் சேர்த்துவிட்டுத் திரும்புகையில் ஒன்று என் மனத்தை உறுத்தியது. நான் விளக்கைத் தாழ்த்தி, அதாவது சாரதிமார் ‘டிம்’ என்று சொல்வார்களே, அவ்வாறு போட்டுத்தான் வந்தேன். எதிரே ஆள் வரும்போது விளக்கைத் தாழ்த்துவது நன்னடத்தையென்று எனக்குத் தெரியும். அதனைச் செய்தும் அவர் கண் ஏன் இருண்டது?

மறுநாள் எமது பாடசாலையின் பௌதிக ஆசிரியரிடம் இக்கேள்வியைக் கேட்டேன். அவர் சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் ஒரு முன்விளக்கை வரைந்தார். அவர் விளக்கியதையும், பின்னர் நான் படித்தறிந்ததையும் சேர்த்து இங்கே கூறுகின்றேன்.

முன்விளக்கு என்பது ஒளி தரும் குமிழ் மாத்திரமன்று. குமிழ், அதன் ஒளியைத் திரட்டி முன்னே செலுத்தும் தெறிப்பி, இவற்றை மூடிநிற்கும் கண்ணாடி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எண்ணி அமைக்கப்பட்டவை. எடுத்துக்காட்டாக, நம் நாட்டுக் கார்கள் பலவற்றில் உள்ள ‘எச் 4’ என்னும் ஹலஜன் குமிழை எடுத்துக்கொள்வோம். 1971 ஆம் ஆண்டளவில் வழக்குக்கு வந்த இக்குமிழினுள் இரண்டு தங்குதன் இழைகள் உண்டு. 60 வாற்று இழை உயர்ந்த கதிருக்கு உரியது. 55 வாற்று இழை தாழ்ந்த கதிருக்கு உரியது. இந்தத் தாழ்கதிர் இழையின் கீழே நகக்கண் அளவான ஓர் உலோகக் கிண்ணம் அமைந்திருக்கும். இழையிலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் ஒளியை அக்கிண்ணம் மறைத்துவிடும். அதனால் தெறிப்பியின் மேற்பாதியில் மாத்திரம் ஒளி பட்டு, அது வீதியை நோக்கிக் கீழே திரும்பும்.

இதன் பயன் யாது? சுவரொன்றின் முன் வண்டியை நிறுத்தி விளக்கைத் தாழ்த்திப் பாருங்கள். கோடு கிழித்தாற்போல ஓர் எல்லை தெரியும். எல்லைக்குக் கீழே ஒளி, மேலே இருள். அந்த இருட்பகுதிதான் எதிரே வருபவரின் கண்ணுக்கென ஒதுக்கப்பட்ட இடம். நாம் வீதியின் இடப்பக்கமாகச் செல்பவர்களாதலின், அக்கோடு இடப்பக்கத்தில் மட்டும் சற்று மேனோக்கிச் சரிந்து உயரும். ஓரத்தில் நடந்து செல்பவரையும் வீதிக் குறியீடுகளையும் நாம் காண்பதற்காக அந்த ஏற்பாடு. இவ்வளவும் சரிவர நிகழவேண்டுமாயின், நான்கைந்து மில்லிமீற்றர் நீளமுள்ள அந்த இழை, தெறிப்பி எதிர்பார்க்கும் இடத்திலேயே இருத்தல் வேண்டும். ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் ஒளி போகும் வழி மாறிவிடும்.

இனி, செனன் குமிழுக்கு வருவோம். ‘எச்.ஐ.டி.’ என்று கடைகளில் வழங்குவதும் இதுவே. இதில் இழை இல்லை. சிறு படிகக் கூட்டினுள் செனன் வாயுவும் சில உலோக உப்புக்களும் அடைக்கப்பட்டிருக்கும். ஏறத்தாழ நான்கு மில்லிமீற்றர் இடைவெளியில் நிற்கும் இரு மின்வாய்களுக்கிடையே 20,000 வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தாற் பொறி எழுப்பப்படும். அதன்பின் அப்பொறி ஒரு வில்போல நின்று ஒளிரும். வழக்கமான ஹலஜன் குமிழ் 55 வாற்றில் 1,000 முதல் 1,500 லூமன் வரை ஒளி தர, இது 35 வாற்றிலேயே ஏறத்தாழ 3,200 லூமன் தருகின்றது. 1991 ஆம் ஆண்டில் பீ.எம்.டபிள்யூ. நிறுவனத்தாரின் ஏழாம் வரிசைக் கார்களில் இது முதன்முதலாகத் தோன்றியது. அருமையான கண்டுபிடிப்பென்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் இக்குமிழைப் பழைய விளக்கினுள் செருகவில்லை. இதற்கெனவே விளக்கு முழுவதையும் புதிதாக அமைத்தார்கள். 2,000 லூமனுக்கு மேற்பட்ட ஒளி தரும் தாழ்கதிர் விளக்குகளுக்கு, வண்டியின் சாய்வுக்கேற்பத் தானே தாழ்ந்து சரிசெய்யும் பொறியும், கண்ணாடியைக் கழுவும் பொறியும் வேண்டுமென ஐரோப்பிய விதிகள் வகுக்கப்பட்டன.

என் காரில் நடந்தது வேறு. இழைக்கென அமைந்த தெறிப்பியினுள், வில்லாக வளைந்து, இரு நுனிகளிலும் மிகுந்து ஒளிரும் ஒரு பொறியைப் புகுத்திவிட்டோம். அந்த உலோகக் கிண்ணமும் உரிய இடத்தில் இல்லை. ஆகவே ஒளியின் எல்லைக்கோடு அழிந்து, மேலே இருக்கவேண்டிய இருட்பகுதிக்குள் ஒளி பாய்ந்தது. எந்த முன்விளக்கிலும் சிறிதளவு ஒளி சிதறி மேலெழவே செய்யும். குமிழின் ஒளி இரண்டு மூன்று மடங்கானால் அச்சிதறலும் அவ்வாறே பெருகுமன்றோ? நான் விளக்கைத் தாழ்த்தியிருந்தும் அந்தச் சைக்கிளோட்டிக்கு அது தாழவேயில்லை.

அண்மைக்காலத்திற் பெருகியுள்ள ‘எல்.ஈ.டி.’ குமிழ்களின் கதையும் இதனையொத்ததே. 2007 ஆம் ஆண்டில் லெக்சஸ் காரொன்றின் தாழ்கதிர் விளக்காக வெளிவந்தபோது, எல்.ஈ.டி. தனக்குரிய வில்லைகளுடனேயே வந்தது. கடையில் வாங்கிப் பூட்டும் குமிழிலோ, மெல்லிய தகட்டின் இரு பக்கங்களிலும் ஒளிரும் சில்லுகள் பதிக்கப்பட்டிருக்கும். இழையைப்போல அது சுற்றுமுற்றும் ஒரே சீராக ஒளி வீசுவதில்லை. அதனால் வீதியில் ஓரிடம் மிகுந்து ஒளிர, மற்றோரிடம் இருண்டு கிடக்கும். மேலும், அதன் பின்புறத்திலுள்ள விசிறி இடத்தை அடைத்துக்கொள்வதால் விளக்கின் மூடியைச் சரிவர மூடவியலாது போவதுண்டு. அவ்வழியே ஈரம் புகுந்து தெறிப்பியின் பளபளப்பைக் கெடுத்துவிடும்.

“ஆயினும் எனக்கு நன்றாகத் தெரிகின்றதே” என்று சிலர் கேட்பர். நானும் அவ்வாறே எண்ணினேன். இங்கேதான் கண் நம்மை ஏமாற்றுகின்றது. வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீற்றர் தூரத்திற்குள் ஒளி வெள்ளமாய்ப் பரந்தால், நம் கண்மணி அதற்கேற்பச் சுருங்கிவிடும். சுருங்கிய கண்மணிக்கு, அப்பாலுள்ள மங்கலான பொருட்கள் முன்னிலும் மங்கலாகவே தோன்றும். மாடு படுத்திருப்பதும், விளக்கில்லாச் சைக்கிள் செல்வதும் அந்தத் தூரத்திலேதான். காலடியில் ஒளி மிகுவது வேறு. தொலைவைக் காண்பது வேறு.

எதிரே வருபவரின் நிலையை எண்ணிப்பாருங்கள். இருளுக்குப் பழகிய கண்ணில் திடீரெனப் பேரொளி பட்டால், ஒளி மறைந்தபின்னும் சில விநாடிகள் அக்கண் எதனையும் காணாது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடுகின்றது. மூன்று விநாடி கண் மறைந்தால் 50 மீற்றர் தூரம் அந்தச் சாரதி குருடராகவே வண்டியைச் செலுத்துகின்றார். முதியோருக்கு இன்னல் இன்னும் அதிகம். கண்ணின் வில்லை வயதுடன் மங்குவதால், உட்புகும் ஒளி அங்கே சிதறிப் பார்வையை மறைக்கும். மீண்டும் தெளியவும் நேரம் கூடுதலாக வேண்டும்.

கடைகளில் 6,000 கெல்வின், 8,000 கெல்வின் என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிலர் அதனை ஒளியின் வலிமையென மயங்குவர். அது நிறத்தைக் குறிக்கும் எண். ஹலஜனின் இளமஞ்சள் ஒளி ஏறத்தாழ 3,200 கெல்வின். கார்த் தொழிற்சாலைகளில் பூட்டப்பட்ட செனன் விளக்குகள் 4,200 கெல்வின் அளவானவை. அதற்கு மேற்போகப் போக ஒளி நீலம் பாரிக்கும். நீலம் மிகுந்த ஒளி எதிரே வருபவரின் கண்ணை மிகுதியாகக் கூசச் செய்யும். நீலப்பூச்சுப் பூசிய ஹலஜன் குமிழ்களோ தம் ஒளியில் ஒரு பகுதியை அப்பூச்சுக்கே பறிகொடுத்துவிடும். நிறம் அழகு தரலாம், வழி காட்டாது.

இன்னொரு தவறான வழி, 100 வாற்று ஹலஜன் குமிழைப் பூட்டுவது. 55 வாற்றுக் குமிழொன்று 12 வோல்ற்றில் ஏறத்தாழ நாலரை அம்பியர் மின்னோட்டத்தைப் பெறும். 100 வாற்றுக் குமிழ் எட்டு அம்பியருக்கு மேற் பெறும். கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகுமாதலின், அது மூன்று மடங்குக்கும் அதிகமாகும். ஆளி உருகுவதும், கம்பியின் உறை தீய்வதும், வண்டி தீப்பற்றுவதும் இவ்வாறே நேர்கின்றன. உருகி அடிக்கடி எரிந்துபோகின்றதென்று அதனினும் பெரிய உருகியை இடுவது காவற்காரனைத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்துவைப்பதற்கு ஒப்பாகும்.

அங்ஙனமாயின், இரவில் வழி தெரியாது இடர்ப்படுபவர் என்செய்வது? முதலில், குறை எங்கேயென்று தேடவேண்டும். என் காரில் அதனைத் தேடியபோது, குற்றம் பழைய குமிழில் இருக்கவில்லையென்பது தெரியவந்தது.

முதற் குற்றம் விளக்கின் முகப்பிலிருந்தது. இக்காலத்து விளக்குகளின் முகப்பு கண்ணாடியன்று, ஒருவகைப் பிளாத்திக்கு. சூரியனின் ஊதாக்கடந்த கதிர்களால் அது ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுத்து மஞ்சளாகும். அமெரிக்க மோட்டார் சங்கத்தார் 2018 ஆம் ஆண்டில் செய்த ஆய்வொன்றில், அவ்வாறு மங்கிய விளக்குகள் புதியவை தரும் ஒளியில் ஐந்திலொரு பங்கையே தந்தன. எத்தகைய குமிழைப் பூட்டினாலும் மங்கிய முகப்பு அதன் ஒளியைச் சிதறடித்துக் கூச்சத்தையே பெருக்கும். நுண்ணிய அரத்தாளால் நீர்விட்டுப் படிப்படியாகத் தேய்த்து, மெருகிட்டு, ஊதாக்கடந்த கதிரைத் தடுக்கும் பூச்சைப் பூசுதல் வேண்டும். பற்பசையாற் தேய்ப்பது சில வாரங்களுக்கே உதவும். உட்புறம் மங்கியிருப்பின் விளக்கையே மாற்றவேண்டும்.

இரண்டாவது குற்றம் கம்பியிலிருந்தது. இயந்திரம் ஓடும்போது பற்றரியில் 13.6 வோல்ற்று இருந்தது. குமிழின் காலடியில் 12.2 வோல்ற்று மாத்திரமே இருந்தது. பத்திலொரு பங்கு அழுத்தம் வழியிலே தேய்ந்துபோயிற்று. பத்திலொரு பங்குதானேயென்று எண்ணற்க. இழைக் குமிழில் அழுத்தம் பத்து வீதம் குறைந்தால் ஒளி முப்பது வீதம் குறைந்துவிடும். துருப்பிடித்த இணைப்புக்களைச் சுத்தஞ்செய்து, பற்றரியிலிருந்து உரிய உருகியுடன் தடித்த கம்பியை இழுத்து, ‘ரிலே’ எனப்படும் சிறு மின்னாளி வழியாகக் குமிழுக்குக் கொடுத்தால் இக்குறை தீரும். ஒரு நல்ல மின்தொழிலாளி அரைநாளில் இதனைச் செய்து முடிப்பார்.

மூன்றாவதாக, தரமான புதிய ஹலஜன் குமிழ்களை அதே வாற்று அளவில் சோடியாக மாற்றினேன். இழைக் குமிழ் எரியும் நாளெல்லாம் சிறிது சிறிதாகத் தளர்ந்தே வரும். பூட்டும்போது அதன் படிகக் கூட்டை வெறுங்கையாற் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மிகுந்து சூடாகி, குமிழ் காலத்துக்கு முன்னரே பழுதாகும். தவறித் தொட்டுவிட்டால் மதுசாரத்தில் நனைத்த சுத்தமான துணியாற் துடைக்க.

நான்காவது, எல்லாவற்றினும் முக்கியமானது, விளக்கின் குறியைச் சரிபார்ப்பது. இதனை எமது பாடசாலைச் சுவரிலேயே செய்தோம். ரயர்களுக்கு அளவான காற்றடித்து, சாரதியின் இருக்கையில் ஒருவரை அமர்த்தி, சமதரையில் சுவருக்குப் பத்து மீற்றர் தூரத்தில் வண்டியை நிறுத்துக. நிலத்திலிருந்து விளக்கின் நடுவுக்குள்ள உயரத்தை அளந்து, அதே உயரத்தைச் சுவரிற் சுண்ணக்கட்டியாற் குறிக்க. தாழ்ந்த கதிரின் எல்லைக்கோடு அக்குறிக்கு ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் கீழே விழுதல் வேண்டும். ஒரு பாகை பிழைத்து மேலெழுந்தாலும் அக்கோடு அவ்விடத்தில் 17 சென்ரிமீற்றர் உயர்ந்து, எதிரே வருபவரின் கண்ணை நோக்கி ஏறத்தொடங்கிவிடும். பின்னால் நெல்மூடைகளை ஏற்றினாலும் உறவினரை நிறைத்தாலும் வண்டியின் முகம் மேனோக்கும். விளக்கைத் தாழ்த்தும் சிறு திருகு சாரதியருகே இருப்பின் அப்பொழுது அதனைப் பயன்படுத்துக.

இவையெல்லாம் செய்தபின்னும் செனன் அல்லது எல்.ஈ.டி. ஒளியே வேண்டுமென்பவருக்கும் நேர்வழி உண்டு. குமிழை மட்டும் மாற்றாது, அந்த ஒளிக்கெனவே செய்யப்பட்டு, தரச்சான்று பெற்ற விளக்கு முழுவதையும் மாற்றுவதே அது. ஐரோப்பிய விதிப்படி சான்று பெற்ற விளக்கின் முகப்பில், வட்டத்தினுள் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். வீதியின் வலப்பக்கமாகச் செல்லும் நாடுகளுக்கெனச் செய்த விளக்கை நாம் வாங்கலாகாது. அதன் உயர்ந்த ஒளிக்கோடு நேரே எதிர்வருபவரின் கண்ணிற் பாயும். செனன் விளக்கின் உயரழுத்தப் பெட்டியைத் தாமாகத் திறந்து பார்ப்பது உயிருக்கே ஆபத்தாகும். மாற்றம் செய்வதற்கு முன், நம் நாட்டு விதிகள் அதற்கு இடந்தருகின்றனவா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற் கேட்டறிவது நன்று. பிரித்தானியாவில், ஹலஜன் விளக்கினுள் செனன் குமிழ் பூட்டிய கார்கள் 2021 முதல் ஆண்டுப் பரிசோதனையில் தேறுவதில்லை. ஜேர்மனியில் 2020 ஆம் ஆண்டில் ஓர் எல்.ஈ.டி. குமிழுக்கு அனுமதி வழங்கினர். அதுவும், விளக்கோடு சேர்த்துச் சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட கார் வகைகளுக்கு மாத்திரமே. குமிழும் விளக்கும் ஒன்றென்ற உண்மையை அவ்விரு தீர்ப்புக்களும் ஏற்கின்றன.

ஐந்தாவது குற்றம் ஒன்றையும் நான் மறைக்கலாகாது. அது காரில் இல்லை, என்னிடமே இருந்தது. கண் வைத்தியரிடம் சென்றபோது, நான் அணிந்திருந்த மூக்குக்கண்ணாடி என் கண்ணுக்குப் போதாதென்றார். முகப்பை மெருகிட்டு, கம்பியைத் திருத்தி, குறியைச் சரிசெய்து, மூக்குக்கண்ணாடியையும் மாற்றிய பின்னர், அந்தப் பழைய 55 வாற்றுக் குமிழே எனக்குப் போதுமானதாயிற்று. வெண்ணிறக் குமிழ்கள் இரண்டும் என் மேசையறையில் இன்னும் கிடக்கின்றன.

நேயர்களே, வீட்டு விளக்கு ஏற்றியவனுக்கு உரியது. வண்டியின் முன்விளக்கோ இருவருக்கு உரியது. பின்னால் அமர்ந்து பார்ப்பவருக்கு ஒருபாதி, எதிரே வருபவருக்கு ஒருபாதி. நம் வீதிகளிற் சைக்கிளிலும் கால்நடையாகவும் செல்வோர் பலர். நம் விளக்கைப் பற்றி அவர்கள் நம்மிடம் முறையிடுவதில்லை. கையாற் கண்ணை மறைத்துக்கொண்டு ஒதுங்கிப்போகின்றார்கள். புதிய குமிழைப் பூட்டிய அன்றிரவு, சாரதியின் இருக்கையிலிருந்து பார்த்து மகிழ்ந்த நான், வண்டியை விட்டிறங்கி, ஐம்பது மீற்றர் முன்னே நடந்து, திரும்பி ஒருமுறை அதன் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். பாராது விட்டேன். அப்பிழையை நீங்களாவது செய்யாதிருப்பீர்களாக.